ஊர்ப் பள்ளியா, வேன் ஏறும் பள்ளியா? கிராமத்துப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது, ஆனால் அதில் மொத்தமே இருபது முப்பது பேர்தான் படிக்கிறார்கள். டவுன் மெட்ரிக் பள்ளியின் வேன் தெருமுனை வரை வருகிறது. கடன் வாங்கியாவது வேனில் ஏற்றிவிடலாமா, ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கலாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டு முடிவுகள். ஒன்று முதல் ஐந்து வரை எங்கே என்பது முதல் முடிவு, ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே என்பது அடுத்தது. முதலாவதில் பார்க்க வேண்டியது வாசிப்பும் கணக்கும். இரண்டாவதில் பாட ஆசிரியர்களையும் அரசு தரும் ஒதுக்கீடுகளையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்கேஜி சேர்க்கும்போதே பிளஸ் டூ வரை தீர்மானித்துவிடுவதால்தான் பல குடும்பங்களில் பணம் வீணாகிறது.

## எதை வைத்துப் பார்ப்பது

முதல் அளவுகோல், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை தமிழில் ஒரு சின்னக் கதையைத் தடுமாறாமல் படித்து, புரிந்துகொண்டு, திருப்பிச் சொல்கிறதா என்பது. கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் வராமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே மூடிய கதவுதான்.

இரண்டாவது, வகுப்பறையில் உண்மையில் எத்தனை ஆசிரியர், எத்தனை நாள் இருக்கிறார்கள் என்பது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கை இதற்கு உதவாது.

மூன்றாவது ஆண்டு முழுக்க ஆகும் செலவு. நான்காவது பிள்ளையின் நேரமும் உடம்பும். ஐந்தாவது, இந்தப் பள்ளியில் படிப்பதால் பிற்காலத்தில் எந்த உரிமை கிடைக்கிறது, எது போகிறது என்பது.

"எங்கள் பள்ளி 100 சதவீதத் தேர்ச்சி" என்ற ஃபிளெக்ஸை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது பத்தாம் வகுப்பைப் பற்றிய செய்தி. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தேறமாட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன.

பாடத்திட்டமும் பட்டியலில் இல்லை. சமச்சீர்க் கல்வி 2010-11ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, 2011ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அன்றிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் மாநிலப் பாடத்திட்டம் ஒன்றுதான். "மெட்ரிக் சிலபஸ் கஷ்டம், அதனால் தரம்" என்று இப்போதும் சொல்பவர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள். வேறுபாடு பயிற்று மொழியிலும், சொல்லித்தரும் முறையிலும், கட்டணத்திலும் இருக்கிறது.

## ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி

இதன் பலவீனத்தை மறைக்காமல் பேசுவோம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். அப்படியானால் இருபது முப்பது பேர் படிக்கும் பள்ளி ஈராசிரியர் பள்ளிதான். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதிலும் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குக் கூட்டம், பதிவேடு, எமிஸ் (கல்வித் துறையின் இணையதளம்) பதிவு என்று ஓயாத வேலை. ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் அது ஓராசிரியர் பள்ளி ஆகிவிடும்.

ஆனால் சிறிய பள்ளி என்பதே குறை ஆகிவிடாது. அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறது. நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால், பதினைந்து பிள்ளைகள் உள்ள அறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த எழுத்து வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் அது முடியாது. ஆர்வமில்லாத ஆசிரியர் என்றால் தப்பிக்க வேறு வகுப்பு கிடையாது, ஐந்து வருடமும் அவரேதான். சிறிய பள்ளியில் எல்லாமே அந்த ஒன்றிரண்டு மனிதர்களைப் பொறுத்தது. அதனால் பள்ளியின் வகையைப் பற்றி விசாரிப்பதை விட, அந்த இரண்டு பேரைப் பற்றி விசாரியுங்கள்.

செலவு என்று பார்த்தால் கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் பள்ளியிலேயே. மதியம் சத்துணவு. ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடிவதற்குள் வேலைக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது. ஆசிரியர் போதாத பள்ளியில் சேர்த்தால், வீட்டில் யாராவது தினமும் அரை மணி நேரம் பிள்ளையுடன் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றவர்களால் முடியாவிட்டால் தெருவில் படித்த பெண்ணோ பையனோ கிடைப்பார்களா என்று பாருங்கள். கொரோனாவுக்குப் பின் 2021ல் வந்த இல்லம் தேடிக் கல்வி இந்த அடிப்படையில் உருவானதுதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சில ஊர்களில் பிள்ளைகளை வேனில் ஏற்றுவதற்கு உண்மையான காரணம் தரம் அல்ல. ஊர்ப் பள்ளியில் யார் பிள்ளைகள் கூட உட்காருகிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்பதே காரணம். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குப் போய் அந்த உணவைச் சாப்பிட்டார். இந்தக் காரணத்துக்காகப் பள்ளி மாற்றுபவர்களுக்கு என் ஒப்பீட்டில் இடமில்லை. ஐந்து வயதில் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுப்பது பெரிய பாவம்.

## டவுன் மெட்ரிக் பள்ளி

கிராமத்தார் இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். தினமும் வீட்டுப்பாடம் வரும். ஆங்கில எழுத்தும் சொல்லும் சீக்கிரம் பழகும். டைரியில் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் பெற்றோருக்கும் பள்ளியோடு ஒரு தொடர்பு இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் வயது. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வயது நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. நடுவில் இருப்பது அங்கன்வாடி. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2019ல் எல்கேஜி, யூகேஜி தொடங்கப்பட்டாலும் சிறிய ஊர்களில் பெரும்பாலும் அது கிடையாது. மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி ஊர்ப் பள்ளிக்கு வருவது அபூர்வம். சேர்க்கை குறைவதற்குப் பிறப்பு விகிதம் சரிந்தது ஒரு காரணம் என்றால் (தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை என்றது 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு), இந்த இரண்டு வருட இடைவெளி மற்றொரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி செலவு. சேர்க்கும் நாளில் சொல்லப்படுவது டேர்ம் ஃபீஸ் மட்டும். அதன்மேல் வேன் கட்டணம், புத்தகம், நோட்டு, இரண்டு மூன்று வகை யூனிஃபார்ம், ஷூ, ஆண்டு விழா, சுற்றுலா என்று வரும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு அமைத்த குழுதான் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதி ஐந்தால் பெருக்குங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் பத்தால். நகையை அடகு வைத்துக் கட்டுவதாக இருந்தால் வட்டியையும் சேருங்கள்.

டியூஷனையும் மறக்க வேண்டாம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாத வீட்டில், ஆங்கில வழிப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது? பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே டியூஷன் தேவைப்படுகிறது. காலை ஏழரைக்கு வேன், மாலை ஐந்துக்கு வீடு, ஆறு மணிக்கு டியூஷன் என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளையாட நேரம் எங்கே? கடைசி ஊர் என்பதால் உங்கள் பிள்ளைதான் காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியாக இறங்குமா என்று கேளுங்கள். அது பள்ளி வாகனம்தானா, பள்ளிப் பெயர் எழுதாத வாடகை வண்டியா என்றும் பாருங்கள். பள்ளி வாகனங்களுக்கு 2012ல் வந்த சிறப்பு விதிகள் உண்டு, ஆண்டுதோறும் ஆய்வும் நடக்கிறது. வாடகை வண்டி அதில் நழுவிவிடும்.

தரத்தைப் பற்றி: கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அது கொரோனா முடிந்த கையோடு எடுத்தது, 2024ல் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்திதான். பள்ளியின் பெயர்ப் பலகை மாறினால் வாசிப்பு தானாக வந்துவிடுவதில்லை.

## தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் சேர்க்கை தொடங்கும் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. நலிவுற்ற பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. கிராமத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பதுதான் கேள்வி.

முதல் தடை தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே முன்னுரிமை. டவுன் பள்ளி உங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் என்றால் வாய்ப்பு குறைவு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 தீர்ப்புக்குப் பிறகு இந்த விதி பொருந்தாது. இடம் கிடைத்தாலும் அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழுக் கட்டணம் காத்திருக்கிறது. வேன் செலவு முதல் நாளிலிருந்தே உங்களுடையது, புத்தகம், சீருடைக்கும் பல பள்ளிகள் வசூலிக்கின்றன. 2025ல் ஒன்றிய அரசின் நிதி வராத சிக்கலில், ஜூனில் பள்ளி திறந்தும் இந்தச் சேர்க்கை நடக்காமல் தள்ளிப்போனது. இதை மட்டும் நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருக்காதீர்கள்.

டவுன் ஓரத்தில் வீடு, அருகிலேயே நல்ல பள்ளி, எட்டுக்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு மாற்றத் தயார் என்றால் இது நல்ல வழி. அப்படி மாறும் பிள்ளைக்கு ஒரு முக்கியமான சலுகையும் உண்டு, கீழே சொல்கிறேன்.

## உதவிபெறும் பள்ளி, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி

இந்த இரண்டையும் பலர் யோசிப்பதே இல்லை. அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, புத்தகமும் சத்துணவும் உண்டு, ஊரகப் பகுதிகளில் 2024 ஜூலையிலிருந்து காலை உணவும் உண்டு. நிர்வாகம் அக்கறையானதாக இருந்தால் நன்றாக நடக்கும். ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் அங்கேயே தொடர்வதற்கு முன் கீழே உள்ள பட்டியலைப் பாருங்கள்.

பக்கத்து ஊரில் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருந்தால், உங்கள் ஊர்ப் பள்ளியை விட அங்கே ஆசிரியர் கூடுதலாக இருப்பார்கள். ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்களும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் கொண்டுபோய் விட ஆள் இருந்தால், என் பார்வையில் ஓராசிரியர் பள்ளிக்கும் கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்துக்கும் இதுவே சிறந்த மாற்று.

## எந்தச் சலுகை எந்த வகுப்பிலிருந்து

| சலுகை | கணக்கில் வரும் வகுப்பு | யாருக்கு |
|---|---|---|
| மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு | 6 முதல் 12 | அரசுப் பள்ளி மட்டும். உதவிபெறும் பள்ளி சேராது |
| புதுமைப் பெண், உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் | 6 முதல் 12 | அரசுப் பள்ளி மாணவியர், உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியர் |
| தமிழ்ப் புதல்வன், உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் | 6 முதல் 12 | அரசுப் பள்ளி மாணவர், உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர் |
| அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தோருக்கு 20 சதவீதம் | 1ஆம் வகுப்பு முதல் | பள்ளி எதுவானாலும் தமிழ்வழி |

இந்தப் பட்டியல்தான் என் வாதத்தின் அடித்தளம். மருத்துவப் படிப்புக்கு 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த ஆண்டே மற்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அதில் இடம் பெறுபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மருத்துவத்துக்கு நீட் எழுதத்தான் வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடையில் மட்டும். ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் தனியாரில் இருந்தால்கூட இந்த உரிமை போய்விடும். ஒரு விலக்கு உண்டு: 25 சதவீத இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு.

அதனால் ஒன்று முதல் ஐந்து வரை தனியாரில் படிக்க வைத்தாலும் இவற்றில் முதல் மூன்றும் போகாது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாறினால் போதும். ஆனால் நடப்பது தலைகீழ். சிறு வகுப்பில் ஊர்ப் பள்ளி, ஆறாம் வகுப்பில் "இனிமேல் படிப்பு முக்கியம்" என்று தனியார். உரிமை தொடங்கும் வருடத்தில் விட்டுப் போகிறோம். மாவட்டந்தோறும் உள்ள உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளுக்கும் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள்.

கடைசி வரிசையைக் கவனிக்காமல் விடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, தமிழ்வழி ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தாலும் இது கிடைக்காது. அரசு வேலையைக் குறிவைக்கும் குடும்பம் இதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும்.

## முடிவுக்கு முன் ஒரு சோதனை

இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளையும், வேனில் போகும் இரண்டு மூன்று பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்கள் மனப்பாடம் செய்திராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு 52லிருந்து 37ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலவழிப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து, அர்த்தத்தைத் தமிழில் கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பிப்பதற்கும் புரிந்து படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பயமுறுத்தாமல், பாராட்டி அனுப்புங்கள்.

அப்புறம் ஊர்ப் பள்ளிக்கு வெவ்வேறு வாரத்தில் இரண்டு மூன்று முறை, சொல்லாமல் காலை பதினொரு மணிக்குப் போங்கள். இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்களா, பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

ஊர்ப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களும் ஒழுங்காக வருகிறார்கள், சோதனையில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் அங்கே சேருங்கள். மிச்சமாகும் பணத்தில் கதைப் புத்தகம் வாங்குங்கள், மீதியை மேற்படிப்புக்குச் சேமியுங்கள்.

ஆசிரியர் ஒருவர்தான், அவரும் பாதி நாள் இல்லை என்றால் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியையோ உதவிபெறும் பள்ளியையோ பாருங்கள். அதுவும் எட்டாத தூரம், கடன் வாங்காமல் கட்ட முடியும், வேன் பயணம் அரை மணி நேரத்துக்குள் என்றால் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் சரி. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது டிசி தாமதம் என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் தொடக்க வகுப்புக்குத் தனியார் பள்ளி வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாதியில் கட்ட முடியாமல் போனால் வகுப்பில் எழுந்து நிற்பது உங்கள் பிள்ளை.

ஒரே தெருவில் ஐந்தாறு வீடுகளில் இதே வயதுப் பிள்ளைகள் இருந்தால் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொருவரும் "பள்ளியில் பிள்ளையே இல்லை" என்று சொல்லி விலகினால் மீதியும் காலியாகும். 2025ல் ஒரு மாணவர்கூட இல்லாமல் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். ஆறு வீடுகள் சேர்ந்து போனால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இடம் பிடிக்கலாம். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம், தலைமைப் பொறுப்பும் பெற்றோருக்கே. ஆசிரியர் வராத நாளைக் கேட்கவும், காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லித் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பவும் அந்தக் குழுவால் முடியும்.

ஆசிரியர் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பதிவில் இருக்கும் பிள்ளைகளை வைத்து முடிவாகிறது. குறைந்தால் பணி நிரவலில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மே மாதமே ஆறு வீட்டாரும் பேசி முடித்து ஜூனில் சேர்த்துவிட்டால், அந்தப் பெயர்கள் கணக்கில் வந்துவிடும்.